தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு: நம்பர் கேர்ள் இசையோடு ஜப்பானில்

திங்கள், ஃபுகுஓகா

நம்பர் கேர்ள் என்ற ஜப்பானிய ராக் குழுவின் பாடகர் ஷுடோகு முகாய் மேடை ஏறினால் ஓர் அறிமுகம் உறுதியாக உண்டு: ஃபுகுஓகா நகரம், ஹகாட்டா வட்டத்திலிருந்து வந்திருக்கும் நம்பர் கேர்ள் நாங்கள். குழு டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்த பிறகும், பெரிய நிறுவனம் ஆல்பங்களை வெளியிடத் தொடங்கிய பிறகும் இந்த அறிமுகம் மாறவில்லை. அந்த ஹகாட்டாவில் இன்று காலை வந்து இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தம், ஐந்தே நிமிடம்.

பயணத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய போஸ்ட் ஹார்ட்கோர் இசையைப் பற்றி (ஹார்ட்கோர் பங்க்கின் ஆவேசத்திலிருந்து கிளைத்த ராக் வகை அது) எழுதுபவர்கள் பெரும்பாலும் டோக்கியோவை மையமாக வைத்தே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த இசையின் மிகச் சிறந்த பகுதி நாட்டின் இரண்டு முனைகளிலும் விளைந்தது: தெற்கே ஃபுகுஓகா, வடக்கே சப்போரோ. டோக்கியோ அதற்குச் சந்தையாக இருந்தது, அவ்வளவுதான். நம்பர் கேர்ள் தெற்கில் பிறந்து வடக்கில் கலைந்த குழு. அவர்கள் போன திசையிலேயே நானும் போகிறேன்.

ஃபுகுஓகா உண்மையில் இரண்டு ஊர்கள். நகா ஆற்றுக்குக் கிழக்கே வணிகர்களின் ஹகாட்டா, மேற்கே சாமுராய்களின் கோட்டை நகரமான ஃபுகுஓகா. 1889இல் இரண்டையும் இணைத்து ஒரே நகராட்சி ஆக்கினார்கள். நகரத்துக்கு ஒரு பெயர், ரயில் நிலையத்துக்கு இன்னொரு பெயர் என்று இருப்பது அதனால்தான். முகாய் தன்னை ஹகாட்டாக்காரராகவே அறிவித்துக்கொண்டார். வணிகத் துறைமுகத்தின் பேச்சும் முரட்டுத்தனமும் அந்த அறிமுகத்தில் இருக்கின்றன.

நவம்பர் என்பதால் ஊரில் சுமோ போட்டிக் காலம். யுகாத்தா என்ற பருத்தி அங்கி அணிந்த மல்லர்கள் பல்பொருள் கடைகளின் வாசலில் நிற்கிறார்கள். அவர்களைக் கடந்து ஆற்றைத் தாண்டி டென்ஜின் பகுதிக்கு நடந்தேன். பாதித் தெரு புத்தம் புதியது. விமானங்கள் நகரத்தின் தலைக்கு மேலேயே இறங்குவதால் இங்கே கட்டடங்களுக்கு உயர வரம்பு உண்டு; 2015 முதல் அதைத் தளர்த்தி, பழைய வணிக வளாகங்களை இடித்துக் கண்ணாடிக் கோபுரங்களாகக் கட்டி வருகிறார்கள். ஆனால் ஒரு நிலவறைக்குப் படியிறங்கினால் ஷோவா என்ற சிறிய இசைக்கூடம் இருக்கிறது. 1970இல் தொடங்கப்பட்ட இடம். சுயோஷி நாகாபுச்சி உட்பட ஜப்பான் முழுவதும் அறிந்த பாடகர்கள் பலர் இங்கே பாடித்தான் வெளியே வந்தார்கள். அதே பத்தாண்டில் சன்ஹவுஸ் என்ற ப்ளூஸ் ராக் குழு இந்நகரத்தில் எழுந்தது. அதன் வழியில் ரூஸ்டர்ஸ், மோட்ஸ், ஷீனா அண்ட் தி ராக்கெட்ஸ் வந்தன. காரமிட்ட மீன்முட்டை இந்த ஊரின் பண்டம். ஆகவே இவர்களின் இசைக்கு மெந்தாய் ராக் என்று பெயர் வைத்தார்கள்.

1995இல் முகாய் இங்கே குழுவை அமைத்தபோது அந்த மரபு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஆனால் அவர் காது வேறெங்கோ இருந்தது. பாஸ்டனின் பிக்சீஸ், மினசோட்டாவின் ஹஸ்கர் டூ என்ற அமெரிக்கக் குழுக்கள். இரண்டு பெயர்களையும் ஒட்டி ‘பிக்சி டூ’ என்று பின்னாளில் ஒரு பாட்டுக்கே தலைப்பு வைத்தார். முகாய் குரலும் கிட்டாரும். ஹிசாகோ தபுச்சி இன்னொரு கிட்டார். கென்டாரோ நகாவோ பாஸ். அஹிதோ இனாசாவா டிரம்ஸ். கடைசி வரை இந்த நால்வர்தான்.

இரவு நகாசுவில் ஆற்றோரத் தள்ளுவண்டிக் கடையொன்றில் ராமென் சாப்பிட்டேன். பன்றி எலும்புக் குழம்பு மிச்சமிருந்தால் நூடுல்ஸை மட்டும் மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த வழக்கம் ஃபுகுஓகாவில் பிறந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த அறுபது வயதுக்காரரிடம் நம்பர் கேர்ள் பெயரைச் சொன்னேன். “மகன் கேட்டுக்கொண்டே இருப்பான். சத்தம் தாங்காது. ஆனால் அந்தப் பையன் ஹகாட்டா என்று சொல்கிறான் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும்” என்றார்.

செவ்வாய், சாகா

முகாய் பிறந்தது ஃபுகுஓகாவில் இல்லை. பக்கத்து மாவட்டமான சாகாவில், 1973இல். ஹகாட்டாவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் நாற்பது நிமிடம். ரயில் மலையைச் சுற்றி வெளியே வந்ததும் சமவெளி தொடங்குகிறது. நெல் அறுத்த வயல்களில் அடுத்த போகத்துக்கு உழுது போட்டிருக்கிறார்கள்; பீருக்குப் பயன்படும் பார்லி இங்கே பெருமளவில் விளைகிறது. வானம் மிகப் பெரியது. கண்ணில் படுவதற்கு உயரமாக எதுவுமில்லை.

அவர் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகிற சொற்கள் மிகச் சில: நகரம், கோடை, மாலை, காற்று, ஒரு பெண். இந்தப் பெண் காதலி இல்லை. பாடுபவர் அவளோடு பேசுவதே அரிது. அவள் தெருவைக் கடக்கிறாள், சிரிக்கிறாள், மறைந்துவிடுகிறாள். அவளைப் பார்த்தவனுக்கு அது மறக்கவில்லை. 1999இல் பெரிய நிறுவனத்தின் வழியாக வந்த முதல் ஒற்றைப் பாட்டு ‘தோமெய் ஷோஜோ’, அதாவது ஒளி ஊடுருவும் பெண். முகாயின் டெலிகாஸ்டர் கிட்டார் தனியாக, கரகரவென்று ஒரே வேகத்தில் அறுக்கத் தொடங்குகிறது. பிறகு நால்வரும் ஒன்றாக விழுகிறார்கள். மூன்று நிமிட அளவுப் பாட்டு. சொற்களில் பாதி கேட்காது. குரலைக் கருவிகளுக்கு அடியில் புதைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அது வேண்டுமென்றே செய்தது என்பதே என் எண்ணம். நெரிசல் மிகுந்த தெருவில் நின்று கத்துபவன் குரல் அப்படித்தான் கேட்கும்.

சாகா நிலையத்தில் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் ஃபுகுஓகா ரயிலுக்குக் காத்திருந்தார்கள். சமவெளியில் வளர்ந்த ஒருவன் ரயிலேறி நகரத்துக்குப் போய், அங்குள்ள முகங்களை வாய்பிளந்து பார்த்த பார்வைதான் இந்தப் பாடல்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நகரத்தில் பிறந்தவனுக்கு நகரம் கண்ணில் படாது. அந்தப் பெண்ணும் நகரமும் முகாய்க்கு ஒன்றுதான். கிட்ட இருக்கிறது, தொட முடியவில்லை. அவர் கிட்டார் அவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு நான் காணும் காரணம் இதுவே.

புதன், ரயிலில்

ஹகாட்டாவிலிருந்து டோக்கியோவுக்கு ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரம். ஆல்பங்களை வரிசையாகக் கேட்கச் சரியான அளவு.

1997இல் ஃபுகுஓகாவில் இருந்தபோதே வெளிவந்த முதல் ஆல்பம் ‘ஸ்கூல் கேர்ள் பை பை’. அதில் இன்னும் இளமையும் மெல்லிசையும் இருக்கின்றன. 1999இன் ‘ஸ்கூல் கேர்ள் டிஸ்டார்ஷனல் அடிக்ட்’ கேட்டதும் முகத்தில் அறைகிறது. ஒலி கிழிந்த காகிதம்போல இருக்கிறது, ஆனால் எந்தக் கருவி எங்கே நிற்கிறது என்பது தெளிவு. அட்டையில் இருக்கும் பெண்ணின் படத்தை முகாயே வரைந்தார்.

2000இல் ‘சப்புகெய்’. இதை உருவாக்கியவர் டேவ் ஃப்ரிட்மன். நியூயார்க் மாநிலத்தின் கசடேகா என்ற சிற்றூரில் அவருக்கு டார்பாக்ஸ் ரோடு என்ற பதிவுக்கூடம் இருக்கிறது. மெர்க்குரி ரெவ், ஃப்ளேமிங் லிப்ஸ் குழுக்களின் ஆல்பங்களால் பெயர் பெற்றவர். டிரம்ஸின் மேல் ஓர் அறையையே கவிழ்த்து வைத்ததைப் போன்ற ஒலியை அவர் கொடுத்தார். இனாசாவா ஏற்கெனவே அடி அடியென்று அடிப்பவர். இந்த ஆல்பத்தில் அவர் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறார். கடைசி ஆல்பமான 2002இன் ‘நம்-ஹெவிமெட்டாலிக்’கையும் ஃப்ரிட்மனே செய்தார். அதில் ஜமைக்காவில் பிறந்த, எதிரொலி நிறைந்த டப் இசையின் இடைவெளிகள், திருவிழாக் கொட்டின் தாளம், பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல் ஓதுகிற குரல் எல்லாம் வருகின்றன. ‘நம்-அமி-தபுட்ஸ்’ என்ற பாட்டின் தலைப்பு அமிதாப புத்தரை வணங்கும் மந்திரத்தைத் திருகி வைத்தது. பலர் இந்த ஆல்பத்தைக் கடினமானது என்கிறார்கள். நான்கில் இதுவே உயர்ந்தது என்பது என் தீர்ப்பு. மேற்கிலிருந்து வாங்கிய இசை, வாங்கிய சுவடு தெரியாமல் ஜப்பானிய மண்ணில் கலந்தது இதில்தான்.

ஒகயாமாவைத் தாண்டியதும் ‘தெப்பு சுருதொகு நத்தே’ ஒலித்தது. இரும்புக் காற்று கூர்மையாகிறது என்று தொடங்கும் எண்ணம். நகாவோவின் பாஸ் கிட்டார் முதலில் தனியாக வரும். அதற்குள் அவ்வளவு ஆத்திரமும் அடக்கமும் சேர்ந்திருக்கின்றன. தபுச்சியின் ஜாஸ்மாஸ்டர் கிட்டாரும் சேர்ந்துகொண்டபோது வெளியே ஒரு சுரங்கப்பாதை விழுங்கியது. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

வியாழன், டோக்கியோ

ஷிமோகிட்டாசாவாவுக்குப் போனேன். ரயில் பாதை 2013இல் நிலத்தடிக்குப் போய்விட்டது. மேலே இருந்த தண்டவாளத்தின் இடத்தில் இப்போது கஃபேக்கள். ஷெல்டர் இருக்கிறது. 1991இல் திறந்த நிலவறை அரங்கம், ஏறக்குறைய 250 பேர் நிற்கலாம். ஓர் அனிமே தொடர் இதை மாதிரியாகக் கொண்டு வரைந்ததால் பகலில் வாசலில் நின்று படமெடுக்கும் இளைஞர்கள் நிறைய.

லைவ் ஹவுஸ் என்று அழைக்கப்படும் இந்தச் சிறிய இசையரங்கங்கள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்தால் இசையும் கொஞ்சம் விளங்கும். பல இடங்களில் புதிய குழுக்களுக்கு நொருமா என்ற முறை இருக்கிறது. இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும்; விற்காவிட்டால் மீதிப் பணத்தைக் குழுவே கட்ட வேண்டும். மேடையேற இசைக்கலைஞன் பணம் தருகிறான். அதனால் ஓர் இரவுக்கு நான்கைந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். அந்த அரை மணியில் யாரையாவது பிடித்து நிறுத்தாவிட்டால் அடுத்த வாய்ப்பு மீண்டும் கைக்காசிலிருந்துதான். பார்வையாளர் டிக்கெட்டோடு 500 அல்லது 600 யென் கொடுத்து ஒரு பானமும் வாங்கியாக வேண்டும். பயிற்சிக் கூடமும் மணிக்கணக்கில் வாடகை. அநேகமாக எல்லாக் கூடங்களிலும் கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் இரண்டு: ஒரு மார்ஷல், ஒரு ரோலண்ட் ஜேசி-120. நாடு முழுக்க இளைஞர்கள் ஒரே இரண்டு ஆம்ப்களில் கற்றுக்கொள்கிறார்கள். அதற்குள்ளிருந்தே ஒவ்வொருவரும் தன் ஒலியைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

மாலையில் ஷிபுயாவின் கிளப் குவாட்ரோ. நம்பர் கேர்ள் 1999இல் இங்கே நடத்திய கச்சேரியின் பதிவு அதே ஆண்டு ஆல்பமாக வந்தது. பதிவுக்கூட ஆல்பங்களைவிட அதுதான் அவர்களுக்கு நியாயம் செய்தது என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

ஒடைபாவில் இருந்த செப் டோக்கியோ அரங்கம் 2022 தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டதால் அங்கே போகவில்லை. அங்கு 2020 மார்ச் 1 அன்று, கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில், மீண்டும் ஒன்றுசேர்ந்த நம்பர் கேர்ள் ஆளில்லாத அரங்கத்தில் வாசித்து இணையத்தில் இலவசமாக ஒளிபரப்பியது. நடுவே நடிகர் மிராய் மொரியாமா வெற்றுத் தரையில் ஓடிவந்து ஆடினார். கைதட்ட யாருமில்லை. ஆனால் நால்வரும் ஒரு பங்குகூடக் குறைக்காமல் வாசித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் மதிப்பு பல மடங்கு கூடியது அந்தப் பதிவைப் பார்த்த இரவில்தான்.

வெள்ளி, சப்போரோ

விமானத்தில் ஒன்றரை மணி நேரம். நிலத்தில் பனி. மாலை நான்கு மணிக்கெல்லாம் வெளிச்சம் வடிந்துவிட்டது.

பெட்டியை வைத்துவிட்டு நேராக மேற்கு வட்டத்தின் நிஜூயோன்கென் பகுதிக்கு. பென்னி லேன் 24 அரங்கம் அங்கே இருக்கிறது. கடைத்தெரு இல்லை, நியான் விளக்கு இல்லை. சாதாரணக் குடியிருப்புப் பகுதி. 2002 நவம்பர் 30 அன்று நம்பர் கேர்ள் இங்கே கடைசியாக வாசித்தது. நகாவோ விலக விரும்பியதும், ஒருவர் போனால் அது நம்பர் கேர்ள் ஆகாது என்று கலைப்பதென முடிவு செய்தார்கள். அப்போது அவர்கள் உச்சத்தில் இருந்தார்கள். மிகச் சிறந்த ஆல்பம் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

அந்த இரவின் முழுப் பதிவு 2003இல் வெளியானது. ‘ஒமொய்தே இன் மை ஹெட்’ பாட்டுக்கு முன்னால் முகாய் வழக்கம்போல டிரம்ஸ் வாசிப்பவரின் பெயரை அறிவிக்கிறார். இனாசாவா தொடங்குகிறார். ஒருவரிடமும் தயக்கமில்லை, இழுவையில்லை, கண்ணீர்ப் பேச்சில்லை. ஹகாட்டா வட்டத்திலிருந்து வந்த குழு, நாட்டின் மறுமுனையில், வந்த ஊரின் பெயரையே மீண்டும் சொல்லி முடித்துக்கொண்டது. கலைவதற்கு டோக்கியோவைத் தேர்ந்தெடுக்காதது என் கண்ணில் பெரிய விஷயம்.

சனி, சப்போரோ

ஏன் சப்போரோ? சுற்றுப்பயணத்தின் கடைசி ஊர் அதுவாக இருந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் இந்த ஊருக்கும் அவர்களுக்கும் உறவு ஆழமானது.

1980களின் பிற்பகுதியில் இங்கே இரண்டு குழுக்கள் உருவாயின: பிளட்தர்ஸ்டி புட்சர்ஸ், ஈஸ்டர்ன் யூத். இரண்டும் ஹார்ட்கோர் பங்க்கில் தொடங்கி, அந்தச் சூட்டை விடாமலே வேகத்தைத் தளர்த்தி, பாட்டுக்குள் நீளமான வெளிகளைத் திறந்தன. ஈஸ்டர்ன் யூத்தின் ஹிசாஷி யோஷினோ தொண்டை கிழியப் பாடும் சொற்களில் பழைய ஜப்பானியக் கவிதையின் கட்டுக்கோப்பு இருக்கிறது. புட்சர்ஸ் 1996இல் வெளியிட்ட ‘கொகொரோனோ’ ஆல்பத்தில் பாட்டுகளுக்குப் பெயர் பிப்ரவரி, மார்ச் என்று மாதங்கள்தான், டிசம்பர் வரை. குளிரும் உருகலும் அந்த ஆல்பத்தில் காதுக்குத் தெரிகின்றன. இன்று காலை தோயோஹிரா ஆற்றங்கரையில் அதைக் கேட்டபடி நடந்தபோது, நவம்பர் என்ற பாட்டு நவம்பரில் ஒலித்தது.

ஈஸ்டர்ன் யூத் தாம் விரும்பும் குழுக்களை அழைத்துத் தொடர் கச்சேரிகள் நடத்துகிறது. நம்பர் கேர்ளைப் போலவே ஊர்விட்டு டோக்கியோ வந்தவர்கள், ஊர்விட்டு வந்தவர்களுக்கு மேடை கொடுத்தார்கள்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இஷிகாரி வளைகுடாவின் புதிய துறைமுகம். ரைசிங் சன் என்ற திருவிழா 1999 முதல் கோடையில் அங்கே நடக்கிறது. கடைசி நாள் இரவு முழுதும் இசை, சூரியன் எழுந்த பிறகே முடிவு. நம்பர் கேர்ள் மீண்டும் ஒன்றுசேரும் செய்தி 2019இல் வந்தபோது, அந்தத் திருவிழாவில் மீண்டும் வாசிக்கத் தோன்றியதே காரணம் என்று முகாய் எழுதினார்; குடித்திருந்தபோது தோன்றியது, கொஞ்சம் சம்பாதிக்கவும் ஆசை என்றும் மறைக்காமல் எழுதினார். ஆனால் அவர்கள் வாசிக்க வேண்டிய ஆகஸ்ட் 16 அன்று சூறாவளி காரணமாக முதல் நாள் நிகழ்ச்சியே ரத்தானது. 2022இல்தான் அந்த மேடை அமைந்தது. ஏறிய அன்றே மீண்டும் கலைவதாக அறிவித்தார்கள். அதே டிசம்பர் 11, யோகோஹாமாவின் பியா அரீனாவில் கடைசிக் கச்சேரி.

இரவு ஒரு சிறிய அரங்கில் உள்ளூர்க் குழுக்கள் மூன்றைக் கேட்டேன். இரண்டாவது குழுவின் கிட்டார் வாசித்த பெண் ஜாஸ்மாஸ்டரைத் தபுச்சிபோலவே இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், அரங்கத்தை ஒலியால் நிரப்பினாள். முடிந்ததும் போய்ப் பாராட்டினேன். “அவரைப் பார்த்துத்தான் கிட்டார் எடுத்தேன். பிறக்கும் முன்பே குழு கலைந்துவிட்டது” என்றாள்.

ஞாயிறு, ருமோய்

பஸ்ஸில் வடக்கே. ருமோய்க்கு ரயில் 2023 மார்ச்சோடு நின்றுவிட்டது. தண்டவாளம் இன்னும் புல்லுக்குள் கிடக்கிறது. முன்பு ஹெர்ரிங் மீனால் செழித்த ஊர். மீன் வரத்து போனாலும் அதன் முட்டையைப் பதப்படுத்தும் தொழில் இருக்கிறது. கடலிலிருந்து வரும் காற்று நிற்க விடவில்லை.

புட்சர்ஸின் பாடகர் ஹிதேகி யோஷிமுரா இந்த ஊர்க்காரர். நம்பர் கேர்ள் கலைந்த அடுத்த ஆண்டு, 2003இல், ஹிசாகோ தபுச்சி அவர் குழுவில் சேர்ந்தார். தெற்கு முனையில் ஜாஸ்மாஸ்டரைப் பிடித்தவர் வடக்கு முனைக்காரரின் பாடலுக்கு வாசிக்கப் போனார். பத்தாண்டுகள் ஒன்றாக வாசித்தார்கள். 2013 மே மாதம் யோஷிமுரா காலமானார். முடித்து வைத்திருந்த ஆல்பம் அந்த ஆண்டு நவம்பரில் வந்தது. தலைப்பு ‘யூத்’, இளமை.

அதை இங்கே துறைமுகச் சுவரோரம் அமர்ந்து முழுவதும் கேட்டேன். நம்பர் கேர்ளில் தபுச்சியின் கிட்டார் முகாயோடு மோதும்; இருவரும் ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டுவார்கள். இதில் அவர் வெட்டுவதில்லை. யோஷிமுராவின் கனத்த ஒலி மெல்ல எழும்போது அதன் மேல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், விடாமல். அதே கைகள், அதே கருவி. ஹகாட்டாவில் கற்ற கூர்மையை ருமோயின் அகலத்துக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு முனைகளும் சேர்ந்து ஒரே இசைதான் என்று நான் திங்கட்கிழமை எழுதியதற்கு இந்த ஒரு கிட்டாரைவிட வேறு சான்று தேடத் தேவையில்லை.

நம்பர் கேர்ளைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 2002இன் சப்போரோ பதிவிலிருந்து தொடங்குங்கள். ஹெட்போன் வேண்டாம், ஒலிபெருக்கியில், அக்கம்பக்கத்தார் பொறுக்கும் அளவுக்குச் சத்தமாக. பிறகு ‘நம்-ஹெவிமெட்டாலிக்’. அதற்குப் பிறகு ‘கொகொரோனோ’வை எடுங்கள், எந்த மாதத்தில் இருக்கிறீர்களோ அந்தப் பாட்டிலிருந்து.